பில்ட் அப்படியே நிற்கிறதே! தானியங்கி பேக்கேஜ் பில்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பேக்கேஜ் பராமரிக்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து வருகின்றன, எனக்குப் பழக்கம் அதில்தான். மற்ற திட்டங்களில் பெயர்கள் வேறாக இருக்கும், சிக்கல்கள் அதே சிக்கல்கள்தான்.

அப்லோடு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் யார் பில்ட் பண்றாங்க, எங்க நடக்குது?

வழக்கமாக நீங்கள் அனுப்புவது சோர்ஸ் (மூல நிரல்) மட்டும். அதை நிறுவக்கூடிய பைனரிப் பேக்கேஜாக மாற்றுவதுதான் பில்ட். ஆர்க்கைவ் (திட்டத்தின் பேக்கேஜ் களஞ்சியம்) சோர்ஸை ஏற்றுக்கொண்டதும், வான்னா-பில்ட் என்ற டேட்டாபேஸ் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் (செயலி வகைக்கும்) ஒரு வரி போட்டுக்கொள்ளும்: இந்தப் பேக்கேஜ், இந்தப் பதிப்பு, இன்னும் பில்ட் ஆகவில்லை. பில்ட் மெஷின்கள் அந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து, எஸ்பில்ட் என்ற கருவியால் சுத்தமான ஒரு குட்டிச் சிஸ்டத்தை உருவாக்கி, பில்ட்-டிபென்ட்ஸில் (பில்டுக்குத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) நீங்கள் சொன்னதை நிறுவி, கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும். உபுண்டுவில் இதே வேலையை லாஞ்ச்பேட் செய்கிறது, ஃபெடோராவில் கோஜி, ஓபன்சூசேயில் ஓபன் பில்ட் சர்வீஸ், நிக்ஸில் ஹைட்ரா.

இந்தப் பாதையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம். எந்த இடம் என்று சொல்வதுதான் நிலைப்பெயர். காத்திருந்தால் 'நீட்ஸ்-பில்ட்', ஓடினால் 'பில்டிங்', தோற்றால் 'பில்ட்-அட்டெம்ப்டட்', முடிந்து அனுப்பப்பட்டால் 'அப்லோடட்', ஆர்க்கைவில் சேர்ந்தால் 'இன்ஸ்டால்டு'. "பில்ட் நின்னுடுச்சு" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. நிலைப்பெயரைச் சேர்த்து எழுதினால் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

மூணு நாளா நீட்ஸ்-பில்ட்னே இருக்கு. மாட்டிக்கிச்சா?

பெரும்பாலும் இல்லை, வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். வந்த நேரத்தைப் பார்த்து மட்டும் வரிசை போடுவதில்லை, பேக்கேஜின் முக்கியத்துவத்தையும் பார்க்கும். அதனால் பின்னால் வந்தது முன்னால் போவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அதே ஆர்க்கிடெக்சரில் மற்றவை பில்ட் ஆகின்றனவா என்று பாருங்கள். ஆகின்றன என்றால் பொறுங்கள். எதுவுமே நகரவில்லை என்றால் மெஷின்களில் கோளாறு, அதை நிர்வாகிகள்தான் பார்க்க வேண்டும்.

'பில்டிங்' என்றே நாள்கணக்கில் இருந்தால் அது வேறு விஷயம். வேலையை எடுத்த மெஷின் நடுவில் செத்திருக்கலாம், டேட்டாபேஸுக்கு அது தெரியாது. யாராவது அதைத் திரும்ப வரிசைக்கு விட வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் சொந்த ரன்னர் (வேலையை ஓட்டும் மெஷின்) வைத்திருப்பவர்கள் முதலில் லேபிளைப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எந்த ரன்னரும் அந்த வேலையைத் தொடாது. 24 மணி நேரம் சும்மா காத்திருந்துவிட்டு அது தோற்றுப்போகும்.

டெப்-வெயிட், பிடி-அன்இன்ஸ்டாலபிள் ரெண்டும் ஒண்ணுதானே?

அண்ணன் தம்பி, ஆனால் ஒன்றில்லை. 'டெப்-வெயிட்' என்றால் இன்ன பேக்கேஜ், இன்ன பதிப்பு வரும்வரை காத்திரு என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 'பிடி-அன்இன்ஸ்டாலபிள்' என்றால், நீங்கள் கேட்டதையெல்லாம் ஒன்றாக நிறுவ இப்போதைய ஆர்க்கைவில் வழியில்லை என்று டோஸ் என்ற கருவி கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. நீங்கள் கேட்ட பேக்கேஜ் ஆர்க்கைவில் இருக்கலாம், அதற்குக் கீழே நான்காவது படியில் ஏதோ ஒன்று இல்லாமலோ ஒன்றோடொன்று மோதிக்கொண்டோ இருக்கும். அந்த விளக்கச் சங்கிலியைக் கடைசி வரி வரை படியுங்கள், குற்றவாளி அங்கேதான் இருப்பான். ஓபன் பில்ட் சர்வீஸில் இதற்கு 'அன்ரிசால்வபிள்' என்று பெயர்.

இரண்டுமே தடை நீங்கியதும் தானாக வரிசைக்குத் திரும்பிவிடும், நீங்கள் எதையும் அழுத்த வேண்டாம். தோற்றுப்போன 'பில்ட்-அட்டெம்ப்டட்' அப்படித் தானாகத் திரும்பாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் டெப்-வெயிட்டில் இருப்பதை மறுபடி மறுபடி வரிசையில் போடச் சொல்லிக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

நேத்து வரைக்கும் நல்லா பில்ட் ஆச்சு. நான் எதையும் தொடலை. இன்னைக்கு டிபென்டன்சி கிடைக்கலைங்குது. எப்படி?

நீங்கள் தொடவில்லை, மற்றவர்கள் தொட்டிருக்கிறார்கள். புதிய பதிப்புகள் முதலில் வந்து சேரும் டெபியன் கிளையான அன்ஸ்டேபிள் ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு. அடிக்கடி பார்க்கும் காரணம் இது: ஒரு பேக்கேஜில் எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பொதுவான பகுதி ஒன்று, ஆர்க்கிடெக்சருக்கு ஆர்க்கிடெக்சர் மாறும் பகுதி ஒன்று. பொதுப் பகுதி ஒரே தடவை பில்ட் ஆகி உடனே வந்துவிடும். அது தன் ஜோடியின் அதே புதிய பதிப்பைக் கேட்கும். ரிஸ்க்-வி போன்ற ஓர் ஆர்க்கிடெக்சரில் அந்த ஜோடி இன்னும் வரிசையில் இருக்கும். அது வந்து சேரும்வரை, அதை நம்பியிருக்கும் எல்லாமே அந்த ஆர்க்கிடெக்சரில் நிற்கும். இதற்கு மருந்து பொறுமைதான்.

பெரிய காரணம், லைப்ரரி மாற்றம். ஒரு லைப்ரரியின் ஏபிஐ (ABI, கம்பைல் ஆன நிரல்கள் அதோடு பேசும் இடைமுகம்) உடைந்து பெயரின் எண் மாறினால், அதை நம்பியவை எல்லாம் மறுபடி பில்ட் ஆக வேண்டும். 2024-இன் தொடக்க மாதங்களில் டெபியன் ஆர்ம்எல், ஆர்ம்எச்எஃப் போன்ற 32 பிட் ஆர்க்கிடெக்சர்களில் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டுக்கு மாற்றியது. 32 பிட் எண்ணில் நேரம் 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு நிரம்பிவிடும் என்பதால்தான் அந்த மாற்றம். நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரில் 'டி64' ஒட்டிக்கொண்டது. ஆர்ம்எல், ஆர்ம்எச்எஃப் இரண்டிலும் வாரக்கணக்கில் பல பேக்கேஜ்களை நிறுவவே முடியாத நிலை. அப்படிப்பட்ட காலத்தில் உங்கள் பேக்கேஜைத் திருத்தி அப்லோடு செய்வது உதவி இல்லை, உபத்திரவம். மாற்றத்தை நடத்தும் வெளியீட்டுக் குழுவின் கணக்கு அதனால் குலையும்.

எது மாறியது என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. கடைசியாக வெற்றி பெற்ற பில்டின் லாகையும் (பில்ட் எழுதிய பதிவு) இன்று தோற்றதன் லாகையும் எடுங்கள். இரண்டிலும் நிறுவப்பட்ட பேக்கேஜ்களின் பதிப்புப் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல்களை மட்டும் டிஃப் போட்டுப் பாருங்கள். இருநூறு வரி ஒத்துப்போய் ஏழெட்டு மட்டும் மாறியிருந்தால், சந்தேகப்பட வேண்டியது அந்த ஏழெட்டை மட்டும்தான்.

லாக் 40,000 வரி இருக்கு. எங்கிருந்து படிக்கிறது?

கடைசியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். ஆனால் கடைசி வரியை நம்பாதீர்கள். கடைசியில் மேக் (make, பில்ட் வேலைகளை நடத்தும் கருவி) எழுதும் 'எர்ரர் 2' என்பது உள்ளே வேறெங்கோ நடந்ததன் எதிரொலி. இணையாகப் பல வேலை ஓடும்போது ஒன்று தோற்றாலும், ஏற்கெனவே தொடங்கியவை முடிகிற வரை எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் உண்மையான பிழைக்கும் கடைசி வரிக்கும் நடுவே ஆயிரம் வரி கிடக்கலாம். மேக் தன் தோல்விகளை மூன்று நட்சத்திரக் குறியோடு எழுதும். அந்தக் குறியைத் தேடி, முதலில் வருவதைப் பிடித்து, அதற்குச் சற்று மேலே பாருங்கள். அதுவும் குழப்பினால் உங்கள் மெஷினில் இணைவேலையை 1 ஆக்கி ஒரு தடவை ஓட்டுங்கள். நேரம் ஆகும், ஆனால் லாக் வரிசையாக வரும்.

150 நிமிஷம் அசைவே இல்லைன்னு கொன்னுடுச்சு. என் மெஷின்ல நாலு நிமிஷத்துல முடியுதே?

எஸ்பில்ட் ஒரு பில்ட்டிலிருந்து 150 நிமிடம் எந்த எழுத்தும் வராவிட்டால் அதைக் கொன்றுவிடும். மொத்த நேரத்துக்கு அல்ல, மௌனத்துக்குத்தான் இந்த வரம்பு. நிக்ஸின் ஹைட்ராவிலும் ஃப்ரீபிஎஸ்டியின் பில்ட் கருவியான பூட்ரியேரிலும் இயல்பான மௌன வரம்பு 7,200 விநாடி. கிட்ஹப் தரும் ரன்னர்களில் கணக்கு வேறு: பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரு வேலைக்கு 6 மணி நேரம்.

உங்கள் மெஷினில் நான்கு நிமிடத்தில் முடிவது அங்கே இரண்டரை மணி நேரம் மௌனமாக இருந்தால், மெதுவாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம், எதற்கோ காத்திருக்கிறது. எதற்கு என்பதுதான் கேள்வி. பில்ட் சூழலில் இணையம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் டெஸ்டை எழுத வேண்டும், டெபியன் கொள்கையும் பில்ட் நேரத்தில் வெளி நெட்வொர்க்கைத் தொடக்கூடாது என்கிறது. ஹோம் டைரக்டரி இருக்காது, எஸ்பில்ட் வேண்டுமென்றே இல்லாத ஒரு பாதையைத்தான் கொடுக்கிறது. திரை இல்லை, டிபஸ் (நிரல்கள் தமக்குள் செய்தி அனுப்பும் வசதி) இல்லை, கேள்வி கேட்டால் பதில் தட்ட ஆளில்லை.

நான் அடிக்கடி பார்க்கும் வடிவத்தைச் சொல்கிறேன். டெஸ்ட் ஒரு குட்டி சர்வரைக் கிளப்புகிறது. போர்ட் திறக்கும்வரை ஒரு லூப்பில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. சர்வரோ, ஹோமில் தன் கான்ஃபிக் ஃபைலை எழுத முடியாமல் முதல் விநாடியிலேயே இறந்துவிட்டது. அது எழுதிய பிழைச் செய்தியை டெஸ்ட் ஒரு பைப்பில் வாங்கி வைத்திருக்கிறது, லாகுக்கு அனுப்பவில்லை. லூப்புக்கு நேர எல்லை கிடையாது. ஆக, லாகில் ஒன்றும் இல்லை, 150 நிமிடம், முடிந்தது கதை. இங்கே திருத்த வேண்டியவை இரண்டு: ஹோமுக்கு ஒரு தற்காலிக இடம் கொடுப்பது, லூப்புக்கு எல்லை வைப்பது. டெபியன் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர், 13-ஆம் இணக்க நிலையிலிருந்து முதலாவதைத் தானே செய்துவிடும். இரண்டாவதை மூல நிரலை எழுதியவருக்கு ஒட்டாக (பேட்ச்) அனுப்புங்கள்.

லாக்ல கடைசியா தெரிஞ்ச டெஸ்டை எடுத்துட்டேன். இப்ப அடுத்த டெஸ்ட்ல நிக்குது. பேய் பிடிச்சிருக்கா?

நிரபராதியை எடுத்துவிட்டீர்கள். டெர்மினலில் ஓடும்போது வரிக்கு வரி வெளிவரும் எழுத்து, பைப்பில் ஓடும்போது பஃபரில் சேர்ந்து, நிரம்பியதும் மொத்தமாக வரும். சில கிலோபைட் எழுத்து பஃபரிலேயே மாட்டிக்கொண்டு, கொல்லும்போது அதோடு சேர்ந்து அழிந்துபோகும். ஆக, லாகில் நீங்கள் பார்க்கும் கடைசி டெஸ்ட் எப்போதோ முடிந்திருக்கும், மாட்டியது அதற்கு ஐந்தாறு டெஸ்ட் தள்ளி. பைத்தான் என்றால் பஃபர் வேண்டாம் என்று சூழல் மாறி வையுங்கள், மற்றவற்றுக்கு எஸ்டிடிபஃப் உதவும். நின்ஜா போன்றவை ஒரு வேலை முடிந்த பிறகுதான் அதன் எழுத்தைக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் நல்லது, கொல்லப்படும் முன் டெஸ்டே வாக்குமூலம் கொடுக்கும்படி செய்வது. கோ மொழியின் டெஸ்ட் இயல்பாகவே 10 நிமிடத்தில் நின்று எல்லா கோரூட்டீன்களின் நிலையையும் கொட்டிவிடும். பைத்தானில் ஃபால்ட்ஹேண்ட்லரை ஒரு மணி நேரத்துக்கு வைக்கலாம். ஜாவா என்றால் குவிட் சிக்னல் அனுப்பினால் எல்லா த்ரெட்களையும் எழுதிக் காட்டும். சி நிரலை டைம்அவுட் கட்டளையோடு ஓட்டி அபார்ட் சிக்னல் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மெஷினிலேயே நின்றால் இன்னும் வசதி. ஜிடிபி என்ற டீபக்கரை ஓடும் நிரலில் ஒட்டி எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸையும் எடுங்கள், இல்லாவிட்டால் எந்த சிஸ்டம் காலில் நிற்கிறது என்று எஸ்டிரேஸில் பாருங்கள். ஃபியூடெக்ஸில் நின்றால் பூட்டுச் சண்டை. பைப்பிலிருந்து ரீட் செய்ய நின்றால் குழந்தை பிராசஸ் பேசும் என்று காத்திருக்கிறது. கனெக்டில் நின்றால் நெட்வொர்க்.

பின்னணியில நிமிஷத்துக்கு ஒரு புள்ளி அச்சடிச்சா டைம்அவுட் வராதாமே. பண்ணலாமா?

உண்மையிலேயே மெதுவான வேலை என்றால் பண்ணலாம். பெரிய நிரலை எல்டிஓவோடு (லிங்க் நேர ஆப்டிமைசேஷன்) லிங்க் செய்வது, மெதுவான ஆர்க்கிடெக்சரில் ஒரே பெரிய ஃபைலைக் கம்பைல் செய்வது, இவை மௌனமாகவே நேரம் எடுக்கும். டிராவிஸ் சிஐ என்ற தானியங்கி பில்ட் சேவை 10 நிமிட மௌனத்திலேயே கொன்றுவிடும் என்பதால் அந்தக் காலத்தில் இந்தத் தந்திரம் பரவியது.

மேலே சொன்ன மாதிரி எதற்கோ காத்திருக்கும் பில்டுக்கு இதைப் போட்டால், பில்ட் முடியவே முடியாது. பொது மெஷின் ஒன்றை நாள் முழுக்கப் பிடித்து வைத்திருப்பீர்கள், நிர்வாகி திட்டுவார், திட்டுவதில் நியாயமும் இருக்கும். புள்ளி அச்சடித்தே தீருவேன் என்றால் மொத்த நேரத்துக்கும் ஓர் எல்லை வையுங்கள்.

'கில்டு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. வேற எதுவும் சொல்லலை. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கிறது. வெளியேறும் எண் 137 என்றால் 128-உடன் சிக்னல் 9, அதாவது கேள்வியில்லாத கொலை. 143 என்றால் 128-உடன் 15, அது டெர்ம் சிக்னல், மௌன வரம்பு தாண்டியபோது வருவது. கெர்னலின் செய்தி பில்ட் லாகில் வராது, அதனால்தான் ஒரே வார்த்தை.

காரணம் அநேகமாக இணைவேலை. கோர் எண்ணிக்கைக்கு ஏற்ப வேலையைப் பிரிக்கிறீர்கள், ஆனால் மெமரி கோருக்கு ஏற்ப வளர்வதில்லை. டெம்ப்ளேட் நிறைந்த சி++ ஃபைல் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு ஜிபி கேட்கும். 16 கோரில் 16 ஓடினால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். இணைவேலைக்கு உச்சவரம்பு வையுங்கள். சிமேக்கில் லிங்க் வேலைகளுக்கு மட்டும் தனி வரம்பு வைக்க முடியும், டீபக் தகவலின் அளவையும் குறைக்கலாம். ஓபன் பில்ட் சர்வீஸில் இவ்வளவு மெமரி உள்ள மெஷின்தான் வேண்டும் என்று கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஃபைலில் கேட்கும் வசதி உண்டு. 32 பிட் ஆர்க்கிடெக்சரில் மெஷினில் எவ்வளவு மெமரி இருந்தாலும் ஒரு பிராசஸால் 4 ஜிபிக்கு மேல் முகவரி எடுக்க முடியாது. அங்கே லிங்க்கர் தோற்றால் இணைவேலையைக் குறைத்துப் பயனில்லை, டீபக் தகவலைத்தான் குறைக்க வேண்டும்.

ஒன்று, மெமரி போதாமை எப்போதும் கொலையில் முடியாது. ஸ்வாப் நிறைய இருக்கும் மெஷின் டிஸ்கில் உருண்டுகொண்டே மணிக்கணக்கில் மௌனமாக இருந்து, கடைசியில் 150 நிமிட வரம்பில் விழும். டெஸ்டே தொடங்காத கட்டத்தில், கம்பைலின் நடுவில் மௌனம் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஒரே ஒரு ஆர்க்கிடெக்சர்ல மட்டும் மாட்டுது. அந்த மெஷின் என்கிட்ட இல்லை. என்ன பண்ண?

டெபியன் மேம்பாட்டாளர்கள் உள்நுழைந்து சோதிக்க 'போர்ட்டர்பாக்ஸ்' என்று தனி மெஷின்கள் இருக்கின்றன. மேம்பாட்டாளர் அல்லாதவர்களும் விருந்தினர் கணக்குக் கேட்கலாம். க்யூஎம்யு எமுலேஷனில் (வேறு செயலியைப் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்ப்பது எளிது, ஆனால் பூட்டு, த்ரெட் சம்பந்தப்பட்ட கோளாறுகளில் அதை நம்பாதீர்கள். எமுலேஷனுக்கென்றே சில ஹேங் (அப்படியே நின்றுபோவது) உண்டு, உண்மை மெஷினில் அவை வராது.

ஆர்ம்64, பிபிசி64எல், ரிஸ்க்-வி மூன்றிலும் மாட்டி, ஏஎம்டி64-இல் ஓடினால் ஒரு துப்பு கிடைத்துவிட்டது. எக்ஸ்86 செயலிகள் மெமரியில் எழுதும் வரிசையைக் கண்டிப்பாகக் காப்பாற்றும். அந்த மூன்றும் அவ்வளவு கண்டிப்பில்லை. பூட்டு இல்லாமல் கொடி மாறி ஒன்றை வைத்து இரண்டு த்ரெட்கள் பேசிக்கொள்ளும் நிரல் எக்ஸ்86-இல் வருடக்கணக்கில் ஓடும், ஆர்ம் வந்ததும் நிற்கும். எஸ்390எக்ஸில் மட்டும் தோற்றால் பைட் வரிசையைப் பாருங்கள், டெபியனின் அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சர்களில் இப்போது பிக்-எண்டியன் அது ஒன்றுதான்.

ரெண்டாவது தடவை ஓட்டினா சரியாயிடுது. அப்படியே விட்டுடலாமா?

ஒரு தடவை மறுபடி ஓட்டுவது நியாயம், மெஷினில் டிஸ்க் நிரம்பியிருந்திருக்கலாம். இரண்டாவது தடவையும் அதே இடத்தில் நின்றால் பக் பதிவு செய்யுங்கள். மறுபடி ஓட்டுவதையே சிகிச்சையாக வைத்திருக்கும் பேக்கேஜ்களைப் பாதுகாப்புத் திருத்தம் அவசரமாக வெளியிட வேண்டிய நாளில் பார்க்க வேண்டும், சகிக்காது.

உங்கள் மெஷினில் வரவழைக்க: டாஸ்க்செட்டால் ஒரே கோரில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள், பக்கத்தில் வேறு கனமான வேலையைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள், அந்த ஒரு டெஸ்டை மட்டும் நூறு தடவை லூப்பில் விடுங்கள். அரை விநாடி தூங்கிவிட்டு 'இந்நேரம் முடிந்திருக்கும்' என்று நம்பும் டெஸ்ட்கள் இதில் வரிசையாக விழும்.

டெஸ்டையே மொத்தமா அணைச்சுட்டா என்ன?

பில்ட் பச்சையாகும், உடைந்த பேக்கேஜ் பயனர் கைக்குப் போகும். நெட்வொர்க் கேட்கும் டெஸ்ட்களைத் தயங்காமல் அணையுங்கள். மற்றவற்றில் மாட்டும் ஒன்றை மட்டும், மாட்டும் ஆர்க்கிடெக்சரில் மட்டும் தவிர்த்து, பக்கத்திலேயே பக் எண்ணை எழுதி வையுங்கள்.

ஏ-வை பில்ட் பண்ண பி வேணும், பி-யை பில்ட் பண்ண ஏ வேணும். ரெண்டும் நிக்குது. எதை முதல்ல விடறது?

இப்படிப்பட்ட வட்டங்களில் பெரும்பாலானவை டெஸ்ட் அல்லது ஆவணம் வழியாக வருபவை. பி-யின் டெஸ்டுக்கு மட்டும்தான் ஏ வேண்டும் என்றால், பில்ட்-டிபென்ட்ஸில் அந்த வரிக்கு 'நோசெக்' புரொஃபைல் குறி போடுங்கள். பில்ட் மெஷின்கள் தாமாக இந்தப் புரொஃபைல்களைப் பயன்படுத்தாது. யாராவது ஒருவர் அந்த ஆர்க்கிடெக்சரில் டெஸ்ட் இல்லாமல் கையால் பில்ட் செய்து பைனரியை ஏற்ற வேண்டும். வட்டம் உடைந்ததும், இரண்டையும் வழக்கமான முறையில் மறுபடி பில்ட் செய்துவிடலாம்.

கம்பைலர்களில் வட்டம் பிறவியிலேயே இருக்கிறது. ரஸ்ட் கம்பைலரின் ஒரு பதிப்பைக் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும். புதிய ஆர்க்கிடெக்சரில் முதல் பைனரியை வேறு மெஷினிலிருந்து கிராஸ்-கம்பைல் செய்துதான் கொண்டுவர வேண்டும்.

பில்ட் முடிஞ்சு 'அப்லோடட்'னு காட்டுது. ஆனா ஆர்க்கைவ்ல காணோம்?

டெபியன் ஆர்க்கைவ் ஒரு நாளைக்கு நான்கு தடவை புதுப்பிக்கப்படும், அதற்கு டின்ஸ்டால் என்று பெயர். மிரர்கள் அதற்கும் பிறகுதான். சில மணி நேரம் தாமதம் சாதாரணம். ஒரு நாளுக்கு மேல் 'அப்லோடட்' என்றே இருந்தால் ஆர்க்கைவ் அதை நிராகரித்திருக்கலாம், பில்ட் நிர்வாகிகளிடம் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு குழப்பம்: புதிய பைனரிப் பெயர் உள்ள பேக்கேஜ் 'நியூ' வரிசையில் மனிதர் பார்த்து அனுமதித்த பிறகு அன்ஸ்டேபிளுக்கு வரும், ஆனால் டெஸ்டிங்குக்கு (அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் கிளை) நகராது. நீங்கள் கையால் பில்ட் செய்து ஏற்றிய பைனரி அது, பில்ட் மெஷினில் உருவானதல்ல, அதனால்தான். சோர்ஸ் மட்டும் வைத்து ஒரு தடவை மறுபடி அப்லோடு செய்யுங்கள்.

என் பேக்கேஜ் சரியாத்தான் இருக்கு, மெஷின்தான் தப்பு. யார்கிட்ட எப்படிச் சொல்றது?

அந்த ஆர்க்கிடெக்சரின் பில்ட் நிர்வாகிகளுக்கு எழுதுங்கள். பேக்கேஜ், பதிப்பு, ஆர்க்கிடெக்சர், மெஷின் பெயர், லாகின் இணைப்பு இவை கட்டாயம். இதே பேக்கேஜ் வேறு மெஷினில் அதே ஆர்க்கிடெக்சரில் ஓடியதா என்பதையும் சேருங்கள். ஓடியது என்று காட்ட முடிந்தால் உங்கள் வழக்கு வலுவானது. மெஷின்கள் வேறுபடத்தான் செய்யும்: ஐபிவி6 முகவரி மட்டும் உள்ளவை உண்டு, கோர் எண்ணிக்கை மாறும், /tmp மெமரியில் இருப்பதும் உண்டு. 127.0.0.1 மட்டும்தான் உலகம் என்று எழுதப்பட்ட டெஸ்ட் அங்கே நின்றால் மெஷினைக் குறை சொல்ல முடியாது.

போதும்பா. அந்த ஆர்க்கிடெக்சரையே விட்டுடலாமா?

மூல நிரல் அங்கே ஓடவே ஓடாது என்று தெரிந்தால் விடலாம். முன்பு அங்கே பில்ட் ஆகி, பழைய பைனரி ஆர்க்கைவில் இருந்தால், அது இருக்கும்வரை புதிய பதிப்பு டெஸ்டிங்குக்கு நகராது. அந்த ஆர்க்கிடெக்சரின் பைனரியை மட்டும் நீக்கும்படி ஆர்க்கைவை நிர்வகிக்கும் எஃப்டிபி குழுவிடம் கேளுங்கள். அதற்கு முன், அங்கே அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள் எவை என்று பார்த்து அவற்றின் பராமரிப்பாளர்களிடம் பேசிவிடுங்கள்.

ஆர்க்கிடெக்சர் பெயர்களைக் கையால் பட்டியலிடுவதை நான் விரும்புவதில்லை, புதிது ஒன்று வரும்போதெல்லாம் திருத்த வேண்டும். 64 பிட் வேண்டும், லிட்டில்-எண்டியன் வேண்டும் என்று பண்பைச் சொல்லிக் கேட்க டெபியனில் அதற்கென்றே பேக்கேஜ்கள் உண்டு, பில்ட்-டிபென்ட்ஸில் அவற்றைச் சேர்த்தால் போதும். பொருந்தாத ஆர்க்கிடெக்சர்களில் உங்கள் பேக்கேஜ் பிடி-அன்இன்ஸ்டாலபிள் என்றே நிரந்தரமாக நிற்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நீங்கள் கேட்டதே அதைத்தான்.